ஹூஸ்டனிலிருந்து சிச்சென் இட்சா: மேல வெளி வீதி டிராவல்ஸ் போட்டுக் கொடுத்த நான்கு நாள்

மதுரையிலிருந்து மெக்ஸிகோவுக்கு வார இறுதியில் போய் வர முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்து, அங்கே மூன்று மாதம், ஆறு மாதம் போய்த் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். அங்கிருந்து கான்கூனுக்கு விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம்தான், நாம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சி போகிற நேரம். முப்பது வருடம் வரலாற்றுப் பாடம் எடுத்த எனக்கு, மெக்ஸிகோவின் பழங்குடி மக்களான மாயன்கள் கட்டிய சிச்சென் இட்சா என்ற பழைய நகரத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை.

ஹூஸ்டன் டிக்கெட் எடுக்கத்தான் இந்த டிராவல்ஸுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில், மூன்று மேசை போட்ட சின்ன இடம். பேச்சுவாக்கில் மாயன் ஆசையைச் சொன்னதும் இரண்டாவது மேசையில் இருந்த பெண் விலையே பேசவில்லை, கேள்வியாகக் கேட்டார். அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரிதானா, எந்தத் தேதி வரை செல்லும், என் மனைவிக்கு முழங்கால் எப்படி, முட்டை சேர்ப்பீர்களா, மகளுக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும். இதற்கு முன்னால் போனில் பேசிய வேறொரு ஏஜென்ட் கான்கூன் கடற்கரை ரிசார்ட்டில் நான்கு இரவு என்று ஒரு பேக்கேஜைத் தூக்கிக் காட்டினார். அதில் சிச்சென் இட்சா கடைசி வரியில், 'விருப்பமிருந்தால்' என்று இருந்தது. நான் எதற்காகப் போகிறேனோ அதுவே கடைசி வரி.

விசா விஷயத்தை அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் நம் ஆட்களுக்கு மெக்ஸிகோ விசா தனியாக வேண்டாம். ஆனால் திரும்பவும் அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டுமே, அதற்காகத்தான் மல்டிபிள் என்ட்ரியா என்று பாஸ்போர்ட்டையே வாங்கிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஐயா, கான்கூன்ல ரூம் போடாதீங்க. கடல் பாக்கணும்னா ராமேஸ்வரம் இருக்கு. நீங்க கோயில் பாக்கப் போறீங்க, கோயிலுக்குப் பக்கத்துல போய்த் தூங்குங்க."

இந்த ஒரு யோசனைக்கே அவர்கள் வாங்கிய 2,000 ரூபாய் தகும் என்பேன். கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா சுமார் 200 கிலோமீட்டர். கான்கூனில் தங்கி ஒரு நாள் டூர் எடுத்தால் வண்டி விடியற்காலையில் ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றி, வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நிறுத்தி, உச்சி வெயிலில் கொண்டுபோய் இறக்கும். சிச்சென் இட்சா இருக்கிற யுகடான் பகுதியின் வெயில் மதுரைக்காரர்களுக்குப் புதிது இல்லை, ஆனால் அந்தத் திடலில் நிழலே கிடையாது, பகல் 11 மணிக்கு மேல் டூர் பஸ்களெல்லாம் சேர்ந்து வந்துவிடும். அதற்குப் பதிலாக முதல் நாளே வயடோலித் என்ற ஊருக்குப் போய்விட்டால், காலை 8 மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் வரிசையில் முன்னால் நிற்கலாம். சுமார் 40 கிலோமீட்டர்தான். ஸ்பானியர்கள் மாயன்களின் ஊர் மேலேயே கட்டிய பழைய ஊர் அது. மூன்று பேர் படுக்கிற அறை ஒரு இரவுக்கு 45 டாலருக்குக் கிடைத்தது, கான்கூன் ஹோட்டல் வரிசையில் அந்தக் காசுக்கு எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தேதியையும் அவர்களே பார்த்துச் சொன்னார்கள். பிப்ரவரியில் திங்கள்கிழமை விடுமுறை வருகிற வாரம். வெள்ளி ஒரு நாள் மகள் லீவு போட்டால் போதும். மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகிற நாளில் பெரிய பிரமிடின் படிக்கட்டு ஓரத்தில் பாம்பு இறங்குவது போல நிழல் விழும், அதைப் பார்க்க உலகமே வரும், அப்போது மலிவாகப் போக நினைப்பது சித்திரைத் திருவிழா சமயத்தில் மாசி வீதியில் ரூம் தேடுவது போலத்தான். ஞாயிற்றுக்கிழமை மெக்ஸிகோக்காரர்களுக்கு நுழைவு இலவசம், கூட்டம் அதிகம். அதனால் சிச்சென் இட்சாவைச் சனிக்கிழமைக்கு வைத்தார்கள்.

விமான டிக்கெட் ஒரு ஆளுக்கு 200 டாலருக்குக் கொஞ்சம் மேல், போக வர. ஆனால் அது வெறும் உட்காரும் காசுதான். சீட்டுக்கு அடியில் போகிற பை மட்டும் இலவசம், மேலே வைக்கிற பெட்டிக்குத் தனிக்காசு. கடையில் ஒரு டேப் எடுத்து என் பையை அளந்தே பார்த்தார்கள். சிரிக்காதீர்கள், கேட்டில் என் பக்கத்தில் நின்ற குடும்பம் இரண்டு பெட்டிக்குக் கட்டிய பணத்தில் இன்னொரு டிக்கெட் எடுத்திருக்கலாம்.

கடை சொன்னதை நாங்கள் கேட்காமல் விட்டது ஒரே இடத்தில். பஸ்ஸில் போங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகள் ஒரு நாளைக்கு 9 டாலர் என்று வாடகைக் கார் ஒன்றைப் பார்த்து இணையத்தில் பதிவு செய்துவிட்டாள். கான்கூன் கவுன்ட்டரில் போய் நின்றால், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அது அந்த விலையில் சேராது என்று சொல்லி, ஒரு நாளைக்கு 9 டாலர் என்றது 50 டாலரைத் தாண்டிவிட்டது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மெக்ஸிகோவில் சட்டப்படி வேண்டும் என்பது உண்மைதான், அதைப் பதிவு செய்யும்போதே காட்டாமல் வைப்பது அநியாயம். முக்கால் மணி நேரம் வாதாடிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினோம். அந்த நேரத்தில் மேல வெளி வீதிக்கு போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. கான்கூனில் பகல் 1 மணி என்றால் மதுரையில் இரவு 11.30. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அவர்கள் கடை திறந்த பிறகுதான் பதில் வந்தது, அப்போது நாங்கள் வயடோலித்தில் படுக்கப் போய்விட்டோம். வெளிநாட்டுத் திட்டம் போட்டுக் கொடுக்கிற கடை அந்த நான்கு நாளுக்கு மட்டுமாவது ராத்திரி ஒரு எண்ணில் பேசக் கிடைக்க வேண்டும். இதை நேரிலும் சொன்னேன்.

விமான நிலையம் பற்றியும் ஒரு வார்த்தை. சுங்கம் தாண்டியதும் கூடத்தில் சீருடை போட்டவர்கள் "டாக்ஸியா, பஸ்ஸா" என்று அன்பாகக் கூப்பிடுவார்கள், பாதிப் பேர் டைம்ஷேர், அதாவது ரிசார்ட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமை, விற்கிறவர்கள். வெளிக்காற்று முகத்தில் படும் வரை நிற்காதீர்கள் என்று கடை கொடுத்த தாளில் எழுதியிருந்தது, அப்படியே செய்தோம். ஏடிஎம்மில் மெக்ஸிகோ பணமான பெசோ எடுக்கும்போது டாலரில் கணக்குப் போடட்டுமா என்று மெஷின் கேட்கும், வேண்டாம் என்று அழுத்துங்கள். அவர்கள் போடுகிற விகிதம் நமக்கு நஷ்டம்.

தாளில் சிவப்பு மையில் இன்னொன்று இருந்தது. கான்கூன் இருப்பது வேறு மாநிலம், வயடோலித்தும் சிச்சென் இட்சாவும் இருப்பது யுகடான் மாநிலம், யுகடானில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். பிப்ரவரியில் ஹூஸ்டன் நேரமும் வயடோலித் நேரமும் ஒன்றாக இருக்கும், நடுவில் கான்கூன் மட்டும் முன்னால் ஓடும். போகும்போது ஒரு மணி லாபம், திரும்பும்போது அந்த மணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திங்கள்கிழமை பஸ்ஸுக்கு இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்ததால் பதற்றமில்லாமல் விமானம் பிடித்தோம்.

சனிக்கிழமை விடியற்காலையில் வயடோலித் பஸ் நிலையத்துப் பக்கத்திலிருந்து கொலெக்டிவோ என்கிற வேன் கிளம்புகிறது. நம் ஷேர் ஆட்டோ கணக்குத்தான், ஆள் நிரம்பினால் வண்டி நகரும். டிரைவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்த மகள், இது ஸ்பானிஷ் இல்லையே என்றாள். மாயா மொழி. மாயன்கள் மறைந்துபோனார்கள் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். அவர்கள் நகரங்களை விட்டு நீங்கினார்கள், மக்களும் மொழியும் அங்கேயே இருக்கிறார்கள், இதோ வேன் ஓட்டுகிறார்கள். என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நுழைவுக்கு இரண்டு சீட்டு, ஒன்று மாநில அரசுக்கு, ஒன்று மத்தியத் தொல்லியல் துறைக்கு. வெளிநாட்டவர்க்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவுக்கு மேல் வரும். இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பெரிய பிரமிட் 30 மீட்டர் உயரம். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 50 மீட்டருக்கு மேல், அதனால் உயரத்தைப் பார்த்து நாம் அசர மாட்டோம். ஆனால் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சியில் ஒரு மேடை, மொத்தம் 365 என்று எண்ணிக் கட்டியிருக்கிறார்களே, அங்கே நான் நின்றுவிட்டேன். வருடத்தையே படிக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது ஏற விடுவதில்லை, கீழே நின்று கை தட்டலாம். தட்டினால் கல் திரும்பப் பேசுகிறது, கெட்சால் பறவை கூவுவது போல, சுருதி இறங்கி இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒலி பட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதால் அப்படி. ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் இசைத் தூணைத் தட்டிக் கேட்டு வளர்ந்த என் மனைவி பத்துத் தடவையாவது தட்டியிருப்பாள். காலை 8.15க்குக் கூட்டம் இல்லாததால்தான் அது கேட்டது. 11 மணிக்குத் திரும்பி வந்து தட்டினோம், வியாபாரிகள் ஊதுகிற, ஜாகுவார் (அமெரிக்கச் சிறுத்தை) போல உறுமுகிற விசிலில் எல்லாம் அமுங்கிப்போனது.

ஆனால் எனக்குப் பிடித்தது பிரமிட் இல்லை, கிணறு. சிச்சென் இட்சா என்றாலே இட்சா மக்களின் கிணற்று வாய் என்று பொருள். அந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தரைமேல் ஆறு ஓடாது, மழை பூமிக்குள் இறங்கிவிடும், மேல்கல் இடிந்து விழுந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெரியும். அதைத்தான் செனோட்டே என்கிறார்கள். பிரமிடிலிருந்து வெள்ளைப் பாதை என்று பெயர் வைத்த சாலை நேராக அந்தப் புனிதக் கிணற்றுக்குப் போகிறது. உள்ளே பச்சைக்கல்லும் பொன்னும் மனித எலும்பும் எடுத்திருக்கிறார்கள். சாக் என்ற மழைத் தெய்வத்துக்காகப் போட்டது. வைகை மணலாய்க் கிடப்பதைப் பார்த்த ஊர்க்காரனுக்கு, தண்ணீருக்காக ஒரு ஊர் எவ்வளவு தூரம் போகும் என்பது விளக்காமலே புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் டாக்ஸியில் ஏக் பலாம் என்ற இன்னொரு மாயன் நகரத்துக்குப் போனோம். கூட்டம் கொஞ்சம்தான். அங்கே அரசர் கல்லறையின் முகப்பு முழுக்கச் சுதை வேலை, பெரிய பற்களோடு வாயைத் திறந்த உருவம், சிறகு வைத்த மனிதர்கள், மேலே ஓலைக்கூரை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று ஏற விட்டார்கள். மனைவி கீழே மரநிழலில் இருந்தாள், நானும் மகளும் ஏறினோம். கோபுரத்துச் சுதை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த விரல்களையும் மடிப்புகளையும் விட்டு நகர முடியவில்லை. சிச்சென் இட்சாவை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

சாப்பாட்டில்தான் கடையின் தாள் தவறியது. "சின் கார்னே", அதாவது கறி இல்லாமல், என்று சொன்னால் போதும் என்று எழுதியிருந்தார்கள். கறி இல்லாத பீன்ஸ் வந்தது, பாதி சாப்பிட்ட பிறகுதான் அது பன்றிக்கொழுப்பில் தாளித்தது என்று தெரிந்தது. மனைவி அன்றைக்கு அப்புறம் எதுவும் தொடவில்லை, பப்பாளி மட்டும். சுத்த சைவம் என்றால் "சின் மான்டெகா" (பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சூப் எதையும் நம்பாதீர்கள், கோழிச்சாற்றில்தான் வைப்பார்கள். நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டது மக்காச்சோள ரொட்டியான டார்ட்டியாவும் அவகாடோ மசியலும், சாயங்காலம் ஊர்ச் சதுக்கத்தில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் போட்ட மக்காச்சோளமும். தெப்பக்குளத்தில் வாங்கித் தின்கிற அதே ருசி. மக்காச்சோளமும் மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்துதானே நம்மிடம் வந்தன. சப்போட்டாவும் அப்படித்தான்; அந்த மரத்தின் கட்டையை மாயன்கள் கோயில் வாசலுக்கு உத்தரமாகவே வைத்திருக்கிறார்கள்.

மூன்று பேருக்கு விமானம், பஸ், அறை, நுழைவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,100 டாலருக்குள் முடிந்தது. ரிசார்ட் பேக்கேஜ்காரர் இரண்டு பேருக்கே அதைவிட அதிகம் கேட்டிருந்தார்.

திரும்பி வந்ததும் கடைக்குப் போய் மான்டெகா விஷயத்தையும் ராத்திரி போன் விஷயத்தையும் சொன்னேன். அந்தப் பெண் கணினியில் அந்தத் தாளைத் திறந்து என் எதிரிலேயே சேர்த்துக்கொண்டார், போனுக்கு முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னார். அமெரிக்காவில் யாரும் இல்லாதவர்கள் கேட்டால் கொழும்பு விமானத்தில் அனுராதபுரம் போட்டுத் தருவார்களாம், மதுரையிலிருந்தே நேரடியாகப் பறக்கலாம். நான் இன்னும் போகவில்லை. காலையில் போனால் அவரையே பிடிக்கலாம், சாயங்காலம் ரயில் டிக்கெட் கூட்டம். போகும்போது பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், பழைய விசா ஒட்டிய புத்தகம் இருந்தால் அதையும்.