பவர்டிஎன்எஸ்-அட்மின்: ஆன்சிபிளோடு சேர்த்தால் அருமை

இணையப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித்தரும் பவர்டிஎன்எஸ் சர்வரை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க உதவும் மென்பொருள்தான் பவர்டிஎன்எஸ்-அட்மின். ஜோன் ஃபைலைக் (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் கோப்பு) கையால் திருத்திக்கொண்டிருப்பவர்கள் தாராளமாக இதற்கு மாறலாம். பைத்தானில், ஃபிளாஸ்க் என்ற வெப் ஃபிரேம்வொர்க் மேல் எழுதிய இலவச மென்பொருள். டாக்கர் இமேஜ் (தேவையானவை எல்லாம் சேர்த்துக் கட்டிய பொதி) இருப்பதால், சர்வர் அமைக்கும் வேலையைத் தானாகச் செய்யும் ஆன்சிபிளுக்கு பிளேபுக் (வேலைப் பட்டியல்) ஒன்றை ஒழுங்காக எழுதிவிட்டால் எந்தப் புது சர்வரிலும் அப்படியே எழுந்து நிற்கும்.

கவனம் தேவைப்படுவது பவர்டிஎன்எஸ் பக்கம்தான்: ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் அதனுடன் பேசும் வழி) இயக்கி சாவி கொடுத்தாலும் அது இயல்பாக 127.0.0.1 முகவரியின் 8081 போர்ட்டில் மட்டுமே கேட்கும், அதனால் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் பவர்டிஎன்எஸ்-அட்மினிலிருந்து வரும் அழைப்பை ஏற்க, கேட்கும் முகவரி, அனுமதிப் பட்டியல் இரண்டையும் பிளேபுக்கிலேயே மாற்றிவிடுங்கள். சாவிகள் ஆன்சிபிள் வால்ட்டில் (ரகசியங்களைக் குறியாக்கி வைக்கும் வசதி) இருக்கட்டும்.

எனக்குப் பிடிக்காதது, முதலில் பதிவு செய்பவரே நிர்வாகி ஆவது. வெளியே திறக்கும் முன்பே அந்தக் கணக்கை உருவாக்கி, அப்புறம் சைன்அப்பை மூடிவிடுங்கள். யார் எந்தப் பதிவை மாற்றினார் என்று காட்டும் ஹிஸ்டரி பக்கத்துக்காகவே இதை நான் விடமாட்டேன்.