சென்னை வீட்டில் பவளத் தொட்டி: எந்தக் குளிர்ச்சி, எந்தத் தண்ணீர், எந்த உயிர்?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கடல் நீரில் மீனும் உயிருள்ள பவளமும் வளர்க்கும் பெரிய கடல் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களில் பலரும் கடைசியில் வந்து நிற்கும் அளவு இது. விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர். தண்ணீரைச் சுத்திகரிக்கத் தொட்டிக்குக் கீழே வைக்கும் சிறு தொட்டியான சம்ப்பையும் சேர்த்தால் 800 லிட்டரை நெருங்கும். இந்த அளவை வைத்துத்தான் கீழே எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறேன்.

கடைக்குப் போனால் பேச்சு விளக்கில்தான் தொடங்கும். எந்த எல்.இ.டி., எத்தனை நிறம், செல்போனில் இயக்கலாமா என்று போய், கையில் இருக்கும் பணத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். சென்னையில் தொட்டிகள் சாவது பெரும்பாலும் சூட்டாலும் கெட்ட தண்ணீராலும்தான். பணம் முதலில் அந்த இரண்டுக்கும் போக வேண்டும், மிஞ்சியதில் விளக்கு வாங்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கும் முன்னால் எடை. தண்ணீர் மட்டுமே 700 கிலோ. கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875, வீட்டு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் கணக்கு வைக்கிறது. நம் தொட்டி உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். தரைத்தளம் என்றால் கவலை இல்லை. மாடி வீடு என்றால் கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து, பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள். வாடகை வீட்டு மாடியில் இந்த அளவு வேண்டவே வேண்டாம்.

மின்விசிறியா, ஏ.சி.யா, சில்லரா?

பவளத்துக்குத் தேவை 25, 26 டிகிரி. 27 வரை தாங்கும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், தன் உடலுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கத் தொடங்கும். நம் ஊரோ 2003 மே 31 அன்று 45 டிகிரியைப் பார்த்த ஊர். சாதாரணக் கோடையிலேயே, மூடிய வீட்டில் தொட்டித் தண்ணீர் 32-ல் நிற்கும். பம்பு விடும் சூடு அதன் மேல்.

மின்விசிறிதான் மலிவான வழி. தண்ணீரின் மேற்பரப்பில் காற்று பட்டால் நீர் ஆவியாகும், ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் போகிறது. பெங்களூரிலோ கோவையிலோ இருப்பவர்கள் இதை வைத்தே ஓரளவு சமாளித்துவிடலாம். இங்கே இடைஞ்சல் ஈரப்பதம். எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும் காற்றின் ஈரம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் குளிரும். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் எல்லை. சென்னைக் கோடையில் அது பல நாள் 26, 27 டிகிரியில் நிற்கிறது, தொட்டி அந்த எல்லையை முழுதாகத் தொடுவதும் இல்லை. காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும்வரை விசிறி நன்றாக வேலை செய்யும். மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் நமக்கு ஆறுதல், தொட்டிக்கு இல்லை. தண்ணீர் 29-க்குக் கீழே இறங்க மறுக்கும். நாளுக்குப் பத்து லிட்டர் ஆவியாகி அறைக்குள்ளேயே சுற்றுவதால் மர அலமாரி உப்பும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு விசிறி போதும். பவளத்துக்குப் போதாது.

ஏ.சி.யை எடுத்துக்கொள்வோம். தொட்டி இருக்கும் அறை நாள் முழுக்க 25-ல் ஓடுமானால் தண்ணீரும் அதை ஒட்டியே நிற்கும், வேறு எதுவும் வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் இரவு மட்டும் ஏ.சி. ஓடும் படுக்கையறை, மூன்று வழிகளிலும் மோசமானது. இரவு 26, பகல் 31 என்று தினமும் ஏறி இறங்கும் தண்ணீரில் பவளம் நிலைக்காது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போகவும் முடியாது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் மே மாதத்தில் நாளுக்கு 12 யூனிட் என்று வைத்தாலே இரண்டு மாத பில்லில் 720 யூனிட் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டியதும் நம் மின் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சில்லர் தண்ணீரை மட்டும் குளிர்விக்கிறது. 800 லிட்டருக்கு அரை ஹெச்.பி. வேண்டும். கால் ஹெச்.பி. போதும் என்று விற்பார்கள், குளிர் நாட்டுக் கணக்கு அது. 450 வாட் இழுக்கும் இயந்திரம் மே மாதத்தில் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினாலும் ஐந்தரை யூனிட்தான், இரண்டு மாதத்துக்கு 325 யூனிட் அளவு. முழுநாள் ஏ.சி.யில் பாதிகூட இல்லை. டிசம்பர், ஜனவரியில் அது பெரும்பாலும் சும்மாவே இருக்கும்.

சில்லரில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அது பக்கத்திலேயே கொட்டுகிறது. ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்து ஓயாமல் ஓடி, சீக்கிரம் பழுதாகும். பால்கனியில் நிழலான இடத்தில் வைத்து, குழாய்க்கு ஃபோம் உறை போட்டு இழுப்பதே சரி. இரண்டாவது, உள்ளே இருக்கும் சுருள் டைட்டானியமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செம்பு சிறிதளவு கரைந்தாலும் பவளமும் இறாலும் நத்தையும் சாகும். உள்ளூரில் செய்து தரும் மலிவான சில்லர்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பித்தளை வால்வுக்கும் இதே விதி.

கடல் நீரா, உப்புக் கலவையா?

கடல் பக்கத்தில் இருக்கும்போது உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நல்ல கடல் நீரில் கால்சியம், மக்னீசியம் முதல் நுண் தாதுக்கள்வரை எல்லாம் சரியான விகிதத்தில் இருக்கின்றன, அதை எந்தக் கலவையும் மிஞ்சாது. ஆனால் கரையில் குடத்தை முக்கினால் அந்த நீர் கிடைக்காது. மெரினாவின் வடக்கே கூவம் கலக்கிறது, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே அடையாறு. எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடும் எண்ணெய் வந்தது. அலை உடையும் இடத்தில் எந்த நாளும் மணலும் சேறும் கலங்கியே இருக்கும்.

மேலும், வங்காள விரிகுடாவின் உப்பு வருடம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி, கங்கை முதல் கிருஷ்ணாவரை பல ஆறுகள் கொட்டிய நன்னீரை நம் கரைக்குக் கொண்டுவருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதோடு சேரும். தொட்டிக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அந்த மாதங்களில் கரையோர நீர் அதற்கு வெகு கீழே போய்விடும். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் கடல் நீர் வாங்குபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குகிறார்.

கடல் நீர்தான் வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. அவர்கள் நீரை மணலில் வடிகட்டி, குளோரின் போட்டு, அதை நீக்கிய பிறகே பயன்படுத்துகிறார்கள். அப்படி ஓர் இடத்தில் பழக்கம் இருந்தால் பிப்ரவரி முதல் மே வரை அந்த நீர் நல்லது. அப்போதும் குளோரின் துளியும் மிச்சமில்லை என்று சோதித்த பிறகே ஊற்ற வேண்டும்.

உப்புக் கலவையின் பலம், இன்று கலப்பதும் ஆறு மாதம் கழித்துக் கலப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்பது. அதன் விலை உப்போடு முடிவதில்லை, தண்ணீரிலும் இருக்கிறது. முதல் நிரப்புக்கு 30 கிலோ அளவுக்கு உப்பு. பிறகு வாரம் பத்து சதவீதம் மாற்றினால் 80 லிட்டர், அதற்கு மூன்று கிலோ. ஆவியாகும் நீரை ஈடுகட்ட வாரத்துக்கு இன்னும் 70 லிட்டர் நன்னீர். (ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஈடுகட்டும்போது ஒருபோதும் உப்பு நீர் ஊற்றக் கூடாது.) இந்த 150 லிட்டரிலும் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் தாதுக்களின் அளவு, பூஜ்யமாக இருக்க வேண்டும். சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. உதவாது, அவற்றில் பல ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சத் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் உள்ள தனிக் கருவி வேண்டும். டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும் போர் தண்ணீர் என்றால் ரெசின் வேகமாகத் தீரும். மெட்ரோ தண்ணீர் வரும் வீடுகளுக்கு இதில் நிம்மதி. நெம்மேலியில் கடலிலிருந்து உப்பை நீக்கி அனுப்பும் தண்ணீர் தென்சென்னைக்கு வருகிறது, அந்தப் பகுதிகளில் ரெசின் கூடுதல் நாள் உழைக்கும்.

ஆர்.ஓ. ஒரு லிட்டர் தரும்போது மூன்று லிட்டரைக் கழிக்கிறது என்று வைத்தால் வாரத்துக்கு 450 லிட்டர். 2019 கோடையில் லாரிக்கு வரிசையில் நின்ற ஊரில் இதைச் சாக்கடையில் விட எனக்கு மனம் ஒப்பாது. ஒரு டிரம்மில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு செய்ய இடமில்லை என்றால் சிறிய தொட்டியே நியாயம்.

என் தேர்வு, பவளத்துக்கு உப்புக் கலவை. மீன் தொட்டிக்குக் கோடை மாதங்களில் பொரிப்பகத்து நீர், மழைக்காலத்தில் கலவை.

விளக்கு, கண்ணாடி பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மெட்டல் ஹாலைடு என்ற பழைய வகை விளக்கு அழகான ஒளி தரும், ஆனால் அது கொட்டும் சூட்டைத் திரும்ப எடுக்க சில்லருக்குக் காசு கொடுக்க வேண்டும். எல்.இ.டி. போதும். அக்ரிலிக் கீறல் விழும், 12 மில்லிமீட்டர் கண்ணாடி நிற்கும். ஸ்டாண்டுக்கு இரும்பு வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர்க் காற்றிலேயே கிரில் கம்பி துருப்பிடிக்கிறது, தொட்டிக்கடியில் கேட்கவே வேண்டாம். அலுமினியம் அல்லது மரைன் ப்ளை.

கரண்ட் போனால்

வீட்டு இன்வெர்ட்டரில் சில்லரைக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டையே அது தாங்காது, தாங்கினாலும் மூன்று மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பையும், தொட்டிக்குள் நீரோட்டம் தரும் ஒரு வேவ்மேக்கரையும் மட்டும் கொடுங்கள், சேர்ந்து நூறு வாட்தான். 150 ஆம்பியர் பேட்டரியில் பத்து மணி நேரம் ஓடும். 800 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கவே கிட்டத்தட்ட ஒரு யூனிட் வெப்பம் வேண்டும் என்பதால், கோடையில் மூன்று நான்கு மணி நேரம் கரண்ட் போனாலும் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறாது. பெரிய தொட்டியின் உண்மையான லாபம் இதுதான். நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போவது புயலில், 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது போனதுபோல. அப்போது சூடு இருக்காது, மூச்சுத்திணறல்தான் கொல்லும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு, அக்டோபருக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

கல் பவளமா, மென் பவளமா, மீன் மட்டுமா?

இங்கே சட்டம் முதலில் வருகிறது. சுண்ணாம்புக் கூடு கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், விசிறிபோல் விரியும் பவள வகையான கடல் விசிறிகளும், கடல் குதிரைகளும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அது. மீறினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. "லைவ் ராக்" என்று சொல்லி விற்கும் உயிருள்ள பாறையும் பெரும்பாலும் முருகைக்கல், அதாவது பவளப் பாறைதான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக முருகைக்கல் வெட்டி வெட்டியே தீவுகள் அரிப்புக்கு ஆளாகி, 21 தீவுகளில் இரண்டு மூழ்கின. மிச்சம் இருப்பதை 2010-லும் 2016-லும் கடல் சூடு வெளுக்கவைத்தது. அங்கிருந்து ஒரு துண்டை உடைத்துக்கொண்டுவந்து வரவேற்பறையில் வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தது என்று விற்பவரிடம் இறக்குமதிக் காகிதம், அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதி கேளுங்கள். தரத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

காகிதம் சரியாக இருந்தாலும் கல் பவளம் கடினமானது. காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம் மூன்றையும் தினமும் ஒரே அளவில் பிடித்துவைக்க வேண்டும், வெப்பம் தினமும் ஏறி இறங்கக் கூடாது. காளான் பவளம், தோல் பவளம், சோயாந்தஸ் போன்ற மென் வகைகள் கொஞ்சம் மன்னிக்கும். சோயாந்தஸில் மட்டும் எச்சரிக்கை: சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது, அது ஒட்டிய கல்லை ஒருநாளும் கொதிக்கவைக்கக் கூடாது. ஆவியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

முதல் தொட்டி என்றால் நான் சொல்வது மீன். செயற்கைப் பீங்கான் கல், அதில் வளர்ந்து மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா, பண்ணையில் பிறந்த க்ளவுன் ஜோடி. க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கும்போது, பண்ணை மீனா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். பண்ணை மீன் தீவனத்தைத் தானாக எடுக்கும், கடையிலேயே போடச் சொல்லிப் பார்க்கலாம்.

தொட்டியைத் தொடங்கும் மாதத்திலும் தேர்வு உண்டு. பலர் டிசம்பரில் தொடங்குகிறார்கள், குளிர்ச்சியாக இருக்கிறது என்று. நான் ஏப்ரல் நடுவில் தொடங்கச் சொல்வேன், கல்லும் மணலும் தண்ணீரும் மட்டும் வைத்து. பாக்டீரியா நிலைபெற எப்படியும் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மே 4-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கி முடிந்துவிடும். பின்னால் பவளமும் வைக்கும் எண்ணம் இருந்தால், உள்ளே உயிர் எதுவும் இல்லாதபோதே அந்த வெயிலில் சில்லர் என்ன செய்கிறது என்று தினமும் மாலை நான்கு மணிக்குப் பார்த்துக் குறித்துவையுங்கள். 27-க்குள் நின்றால் ஜூன் நடுவில் முதல் மீனை விடலாம். நிற்காவிட்டால் பெரிய சில்லர் வரும்வரை மீன் கடையிலேயே இருக்கட்டும்.