நிக்கோட்டின் சூயிங்கமா, லோசன்ஜா?

சிகரெட்டை விட நினைப்பவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. மெல்லும் சூயிங்கம், மிட்டாய் போல வாயில் கரையும் லோசன்ஜ் இரண்டுமே 2, 4 மில்லிகிராம் நிக்கோட்டின் அளவுகளில் வருகின்றன. காலையில் எழுந்த 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4தான் பொருத்தம்.

சூயிங்கத்தைப் பலர் சாதாரண கம் போல விடாமல் மெல்லுகிறார்கள். அது தவறு. காரமாகச் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும்; அது அடங்கியதும் மறுபடி மெல்லலாம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியேதான் உடம்பில் ஏற வேண்டும். எச்சிலோடு வயிற்றுக்குள் போனால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி குடித்த கையோடு போட்டாலும் சரியாக ஏறாது. 15 நிமிடம் பொறுங்கள்.

லோசன்ஜுக்கும் அந்தக் காபி விதி உண்டு. மற்றபடி எளிது: வாயில் ஒதுக்கி, அவ்வப்போது இடம் மாற்றினால் 20, 30 நிமிடத்தில் கரைந்துவிடும். கடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பல்செட் வைத்திருப்பவர், தாடை வலி உள்ளவர் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

வாய்க்கு ஏதாவது வேலை வேண்டும் என்று தவிப்பவருக்குச் சூயிங்கம் சரி. மற்றவர்களுக்கு நான் லோசன்ஜையே சொல்வேன். எதுவானாலும் ஆசை முட்டும்வரை காத்திருக்காதீர்கள். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று போடுங்கள். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.