முகம் எடுப்பவர் எங்கே போய்க் கற்பது? யூடியூப், ஒர்க்‌ஷாப், கிளப், சீனியரின் ஸ்டுடியோ: ஓர் ஒப்பீடு

போர்ட்ரெய்ட், அதாவது ஆளின் முகத்தை மையமாக வைத்த படம், எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு நாலைந்து வருஷத்தில் ஒரு தேக்கம் வரும். ஆர்டர் குறையாது. குழந்தையின் முதல் பிறந்தநாள், வளைகாப்பு, கம்பெனி வெப்சைட்டுக்கு டைரக்டர்களின் படம், சினிமா வாய்ப்புத் தேடுபவர்களின் போர்ட்ஃபோலியோ என்று வேலை வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் போன வருஷம் எடுத்ததையும் இந்த வருஷம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் மட்டும்தான் மாறியிருப்பார். வெளிச்சத்தை மென்மையாக்கும் அதே சாஃப்ட்பாக்ஸ், அதே கோணம், அதே சிரிப்பு.

இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் வழிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் இரண்டு கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். அங்கே போனால் முடிந்த படம் மட்டும் கண்ணில் படுமா, அது உருவான விதமும் தெரியுமா? என் படத்தில் எது தேறவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்களா?

யூடியூபா, சீனியரின் ஸ்டுடியோவா?

லைட்டிங் கற்க யூடியூபுக்கு இணையாக இன்று எதுவும் இல்லை. முக்கிய விளக்கான கீ லைட்டை எங்கே வைத்தால் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து கண்ணுக்குக் கீழே முக்கோண வெளிச்சம் விழும், நிழலை நிரப்பும் ஃபில் லைட்டை எவ்வளவு குறைத்தால் முகம் இறுகும், விளக்கின் பிரதிபலிப்பான கேட்ச்லைட் கண்ணில் எந்த இடத்தில் இருந்தால் உயிர் வரும் என்பதையெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்தபடி கற்கலாம். புரியவில்லை என்றால் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். செலவும் இல்லை.

அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பிரபலமான லைட்டிங் பாடங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலை வைத்து எடுக்கப்பட்டவை. கறுத்த தோலில் வெளிச்சம் நடந்துகொள்ளும் விதமே வேறு. அங்கே முகத்துக்கு வடிவம் தருவது நிழலைவிட, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பு. அதனால் பெரிய லைட்டை முகத்துக்குப் பக்கத்தில், சற்றுப் பக்கவாட்டில் கொண்டுவந்து அந்தப் பளபளப்பை அகலமாக, மென்மையாக விழ வைக்க வேண்டும். பவுடர் போட்டு அதை முழுவதும் அடக்கினால் முகம் தட்டையாகிவிடும். கேமராவின் மீட்டரும் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் அதை வெளிறடித்துத்தான் தரும். பல காலம் கோடாக் தன் லேபுகளுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. இந்தத் துறையின் அடிப்படை எந்தத் தோலுக்காகப் போடப்பட்டது என்பதற்கு அதுவே போதும். நம் ஊர் முகத்தை அதன் நிறத்திலேயே அழகாக எடுப்பது எனக்கு முக்கியமான விஷயம். எடிட்டிங்கில் வேண்டுமென்றே வெளுக்க வைத்துக் கொடுப்பது வாடிக்கையாளரையே அவமதிப்பது. எங்கே கற்கப் போனாலும், சொல்லித்தருபவர் கறுத்த முகங்களை எப்படி எடுத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

யூடியூபில் கிடைக்காத இன்னொன்று, கிளிக்குக்கு முந்தைய அரை நிமிஷம். நல்ல சீனியர் ஒருவர் அறுபதாம் கல்யாணத்துக்காக ஓர் அம்மாவைப் படம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவை, மாலை, விறைத்த தோள். அவர் கேமராவையே தொடவில்லை. ஏற்கெனவே சரியாக இருந்த லைட் ஸ்டாண்டிடம் போய் எதையோ திருகுவதுபோல நின்றுகொண்டு, "பொறந்த ஊரு எதும்மா?" என்றார். அந்த அம்மா ஊர்ப்பெயரைச் சொல்லி, வாய்க்காலைச் சொல்லி, அண்ணன் தள்ளிவிட்ட கதைக்கு வந்தபோது அவர் கேமரா பக்கம் வந்துவிட்டிருந்தார். பேசும்போது கிளிக் அடிக்கவில்லை. பேச்சு முடிந்து வாய் மூடி, நினைப்பு மட்டும் முகத்தில் மிச்சமிருந்த அந்த நொடியில் அடித்தார். அடித்த பிறகு ஸ்கிரீனைக் குனிந்து பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் அந்த அம்மா மறுபடி விறைத்திருப்பார். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. கேட்டிருந்தால் சொல்லவும் தெரிந்திருக்காது.

நின்று பார்த்துக் கற்பது நமக்குப் பழைய வழிதான். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற டென்மார்க் ஓவியர் ரவிவர்மாவுக்கு எண்ணெய்ச்சாயம் சொல்லித்தர மறுத்தார், வரையும்போது பார்க்க மட்டும் விட்டார் என்பார்கள். புகைப்படத்தில் யூசுப் கார்ஷ் பெரிய உதாரணம். 1941இல் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டு அந்தக் கோப முகத்தை எடுத்தவர். அவரை 1928இல் பாஸ்டனில் ஜான் காரோ என்பவரின் ஸ்டுடியோவுக்குப் பழக அனுப்பினார்கள். ஆறு மாதம் என்று போனவர் மூன்று வருஷம் இருந்தார். காரோ அவரை ரெம்ப்ராண்ட், வெலாஸ்க்வெஸ் என்ற பழைய ஓவியர்களின் படங்களை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். சாயங்காலமானால் அந்த ஸ்டுடியோவில் பாடகர்களும் நடிகர்களும் எழுத்தாளர்களும் கூடினார்கள். பையன் அவர்களுக்கு உபசாரம் செய்தபடி முகங்களைக் கவனித்தான். கற்பது, உந்துதல், கூட்டம் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

சரி, இதில் குறை இல்லையா? இருக்கிறது. அசிஸ்டென்ட் சம்பளத்தில் சென்னையில் குடித்தனம் நடத்த முடியாது. சீனியரின் லைட் உங்கள் கையில் ஒட்டிக்கொள்ளும், உதற வருஷங்கள் ஆகும். சிலர் உங்களை நாளைய போட்டியாகப் பார்த்து, முக்கியமான ஷூட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். சொந்த ஸ்டுடியோ வைத்திருப்பவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது: ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கை ஓய்வாக இருக்கும். அந்த மாதங்களில் உங்களுக்குப் பிடித்த ஒருவரிடம், சம்பளம் வேண்டாம், லைட் தூக்குகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். தன் ஊரிலேயே கேட்டால் தயங்குவார்கள். வேறு ஊர்க்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஒர்க்‌ஷாப்பும் படிப்பும்

முழுநேரப் படிப்பு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஊட்டியில் 2001இல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி போன்ற இடங்கள் தொழிலில் நுழையப்போகும் இருபது வயதுக்காரர்களுக்கு நல்ல அடித்தளம். ஏற்கெனவே வாடிக்கையாளர் வைத்திருப்பவர் ஒரு வருஷம் கடையை மூடினால் திரும்பி வரும்போது அவர்கள் வேறு கடையில் இருப்பார்கள்.

வார இறுதி ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு மாடல், முன்கூட்டியே அமைத்து வைத்த லைட், பதினைந்து இருபது பேர். லைட்டை இயக்கும் ட்ரிக்கர் கைமாறிக் கைமாறி வரும். உங்கள் முறை வந்ததும் கேமராவில் மாட்டி நாலு அடி அடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். மாடல் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே பார்வையைத் தருவார். அன்று ராத்திரி எல்லோரும் இன்ஸ்டாகிராமில் ஒரே படத்தைப் போடுவார்கள். போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு படம் கிடைக்கும், அது உங்கள் படமாக இருக்காது.

அதற்காக எல்லா வகுப்பையும் ஒதுக்க வேண்டாம். வீட்டுவேலை கொடுத்து, எடுத்துவரச் சொல்லி, அதைத் திருத்தும் வகுப்பு என்றால் காசைப் பார்க்காமல் சேருங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டயேன் ஆர்பஸ் கணவரோடு சேர்ந்து ஃபேஷன் ஸ்டுடியோ நடத்திப் பத்து வருஷம் ஆன பிறகு, நியூயார்க்கில் லிசெட் மாடல் என்ற ஆசிரியரிடம் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். நாம் இன்று அறியும் ஆர்பஸ் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. தொழில் தெரிந்தவருக்கு டெக்னிக் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை, எதை எடுக்கப் பயப்படுகிறார் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். பத்துப் பேருக்கு மேல் சேர்க்கும் வகுப்பில் இது நடக்காது.

கிளப், சலோன், நாலு பேர் கூட்டம்

கிளப்புகளுக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு. ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் 1857இல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகத் தெருவில் நடந்து படம் எடுக்கும் போட்டோ வாக், மாதக் கூட்டம், போட்டி என்று ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்தவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் போட்டோ வாக்கில் போர்ட்ரெய்ட் கற்க முடியாது. தெருவில் பத்துப் பேர் ஒரு பூக்காரம்மாவைச் சுற்றி நின்று அடிப்பதற்கும், ஒருவரை எதிரில் உட்கார வைத்து எடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

சலோன் எனப்படும் புகைப்படக் கண்காட்சிப் போட்டிகளைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது. ஒவ்வொரு படமும் நடுவர்கள் முன்னால் சில நொடிகளே நிற்கும். அதற்குள் கண்ணை இழுக்கும் படத்துக்குத்தான் மார்க். அதனால்தான் சுருக்கம் விழுந்த முகம், பீடிப் புகை, பின்னாலிருந்து ஒளிக்கீற்று என்று ஒரே மாதிரி முதியவர்கள் திரும்பத் திரும்பத் தேர்வாகிறார்கள். எடுத்தவர் அந்தப் பெரியவரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். சலோன் பழக்கம் ஷார்ப்னஸையும் ஃபினிஷிங்கையும் கூட்டும், பெயருக்குப் பின்னால் பட்டமும் தரும். எதிரில் இருப்பவரோடு பேசக் கற்றுத்தராது.

மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் போட்டோ, வீடியோ கலைஞர் சங்கங்கள் வேறு வகை. ஷூட்டுக்கு முந்தின ராத்திரி லைட் எரிந்துபோனால் கடன் கொடுப்பவர், உங்களுக்குக் காய்ச்சல் என்றால் போய் நிற்பவர், எந்த வாடிக்கையாளர் பாக்கி வைப்பார் என்று எச்சரிப்பவர் எல்லாம் அங்கேதான் கிடைப்பார்கள். சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். படத்தைப் பற்றிய பேச்சை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

படத்தைப் பற்றிப் பேச நாலு பேர் போதும். ஒரே தெருவில் போட்டியாளர்களாக இல்லாத நாலு போர்ட்ரெய்ட்காரர்கள், மாதம் ஒருமுறை, யாராவது ஒருவர் ஸ்டுடியோவில். ஃபோனில் காட்டக்கூடாது. நாலுக்கு ஆறு பிரின்டாக, ஒரே ஆளை எடுத்த இருபது ஃபிரேம்களை வரிசையாக மேஜையில் பரப்ப வேண்டும், தேறியதும் தேறாததும் சேர்த்து. எடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் விதி. மற்றவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். "ஏழாவதுல அவர் உங்ககிட்ட ஏதோ சொல்ல வந்தாரு, எட்டாவதுல நீங்க லென்ஸ் மாத்திட்டீங்க" என்று ஒருவர் சொல்லும்போது உள்ளே சுருக்கென்று இருக்கும். ஆனால் அடுத்த ஷூட்டில் கை லென்ஸ் பக்கம் போகாது. நான் மேலே சொன்ன இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைப்பது இங்கேதான்.

இன்ஸ்டாகிராமா, சுவரா?

உந்துதலுக்கு இன்ஸ்டாகிராமைத் திறக்காதவர் இல்லை. டிரெண்ட் தெரிய அது வேண்டும், வாடிக்கையாளர் கேட்கும் மாதிரி அங்கேதான் இருக்கிறது. ஆனால் விரல் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தில் எந்த முகமும் மனசில் தங்காது. சுவரில் மாட்டிய பெரிய பிரின்டின் முன்னால் நின்று பார்ப்பது வேறு அனுபவம். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படக் கண்காட்சித் திருவிழா அந்த வாய்ப்பைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. 2019இல் சேப்பாக்கம் செனட் ஹவுஸின் உயர்ந்த கூரைக்குக் கீழேயே படங்களை வைத்தார்கள். ரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்க்கத் திருவனந்தபுரம்வரை போய்வருவதும் போர்ட்ரெய்ட்காரருக்குத் தொழில் செலவுதான்.

அதைவிட நெருக்கமான புதையல் நம் பழைய ஸ்டுடியோக்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்து செயல்பட்ட ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். கை எங்கே இருக்கிறது, நாற்காலியில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்தாலே நாள் போய்விடும். மாலி நாட்டு பமாகோவில் 1948இல் ஸ்டுடியோ திறந்த செய்தூ கெய்தா, ஃபிலிம் விலை காரணமாக ஓர் ஆளுக்குப் பெரும்பாலும் ஒரே ஷாட்தான் எடுத்தார். முற்றத்து வெளிச்சம், பின்னால் பூப்போட்ட துணி. தன் ஊர்க்காரர்களைத் தன் ஊர்க்காரர்களுக்காகவே எடுத்தார். இன்று உலக மியூசியங்களில் தொங்கும் அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் நம் கும்பகோணம், காரைக்குடிப் பக்கத்துப் பழைய குடும்பப் படங்களை வைத்துப் பார்த்தால் நமக்கும் ஒரு பரம்பரை இருப்பது புரியும்.

அப்புறம், யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்று: நாடகக்காரர்கள். கார்ஷ் செயற்கை வெளிச்சத்தைப் பழகியது ஒட்டாவாவில் ஒரு நாடகக் குழுவோடு சேர்ந்த பிறகுதான். அதுவரை குருவிடம் பார்த்தது இயற்கை வெளிச்சம். நமக்கு 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை முதல் கல்லூரி நாடகக் குழுக்கள்வரை இருக்கின்றன. நடிகர்களுக்கு எப்போதும் நல்ல படம் தேவை, உங்களுக்குப் பொறுமையாக உட்காரும் முகம் தேவை. ஒத்திகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ஒருவரின் உடம்பு எப்போது பொய் சொல்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும்.

என் தேர்வைக் கேட்டால்: தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகாதவர் யூடியூபையும் ஒரு சீனியரையும் பிடிக்கட்டும், ஒர்க்‌ஷாப் காசைச் சேர்த்து வைக்கட்டும். ஐந்து வருஷம் தாண்டியவருக்கு நாலு பேர் கூட்டம்தான் முதல் இடம், அடுத்து திருத்தும் ஆசிரியர் ஒருவர். ஊரில் தனியாக ஸ்டுடியோ நடத்துபவருக்குச் சங்கமும் பழைய ஆல்பங்களும் போதும். நாலாவது ஆள் கிடைக்கவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று பேராகவே ஆடி முதல் வாரத்தில் தொடங்குங்கள், இருபது பிரின்டுக்கு லேபில் பெரிய செலவு ஆகாது. முதல் கூட்டத்துக்கு உங்களுக்கே பிடிக்காத ஷூட்டை எடுத்துப் போங்கள்.