தட்டா, கெட்ரிஜா? மருந்துக்கு அடங்காத கிருமியைப் பிடிக்க எது?

ஹட்டன், பதுளைப் பக்கத்து சிறிய ஆய்வுகூடத்துக்காரர்கள் கேட்பது: கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் தட்டோடு இருப்பதா, கெட்ரிஜ் (சோதனைப் பொருட்கள் அடங்கிய சிறு பெட்டி) போட்டுக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் மாதிரி பிசிஆர் இயந்திரம் வாங்குவதா?

நேரம்: தட்டில் கிருமி வளர ஒரு நாள், மருந்து வில்லை வைத்துப் பார்க்க இன்னொரு நாள். பிசிஆரில் கார்பபெனெம் (கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் வலுவான அன்டிபயோட்டிக் வகை) எதிர்ப்பு மரபணு சுமார் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

செலவு: வில்லை மலிவு. கெட்ரிஜ் இறக்குமதி, ஒருமுறை போட்டால் முடிந்தது.

என்ன சொல்கிறது: இங்கேதான் கவனம் வேண்டும். பிசிஆர் தேடுவது என்டிஎம், கேபிசி, ஒக்சா-48 போன்ற குறித்த சில மரபணுக்களை மட்டும். வேறு வழியில் எதிர்ப்பு வந்திருந்தால் 'இல்லை' என்றே காட்டும். எந்த மருந்து கேட்கும் என்றும் சொல்லாது. தட்டிலோ, வில்லையைச் சுற்றி விழும் தெளிந்த வட்டத்தை மில்லிமீற்றரில் அளந்தாலே அது தெரிந்துவிடும்.

பராமரிப்பு: கரண்ட் போனால் இரண்டுக்கும் தலைவலிதான். கெட்ரிஜ் 28 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது. நுவரெலியாக் குளிரில் அந்தக் கவலை இல்லை!

தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சிறுநீர் மாதிரிகளுக்குத் தட்டே போதும். ஐசியூ உள்ள பெரிய வைத்தியசாலைக்கு பிசிஆர் நல்லது, தட்டையும் விடாமல். இரத்தக் கல்ச்சர் செய்யும் இடமென்றால் நடுவழி ஒன்றும் உண்டு: இயூகாஸ்ட் (மருந்து எதிர்ப்புச் சோதனைக்கு விதி வகுக்கும் ஐரோப்பியக் குழு) முறைப்படி, கிருமி வளர்ந்து பாசிட்டிவ் ஆன இரத்தப் போத்தலிலிருந்தே நேரடியாக வில்லை வைத்து 4, 6, 8 மணி நேரத்தில் வாசிக்கலாம். அதற்கு பிசிஆர் இயந்திரம் வேண்டாம், வாசிக்க இரவிலும் ஒருவர் இருந்தால் சரி.