வெட்டிவிடப்படும் இலேசான செட்டுகள்: உடற்கட்டு வீரர்களைப் பார்த்து ஆறு ஆண்டுகள் எடை தூக்கிய அனுபவம்

போன வாரம், எடைத் தண்டை ஏற்றி வைக்கும் என் இரும்புச் சட்டமான ரேக்கில், எடை கைநழுவினால் தடுத்து நிறுத்தும் பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் கொக்கி வெல்டிங் விட்டுப்போய்விட்டது. பாபநாசத்தில் ஒரு பட்டறையில் பற்றவைத்து எடுத்துவந்தேன். அன்று மாலையே மன்னார்குடியிலிருக்கும் அக்காள் மகன் அழைத்து, "மாமா, நீங்க பாக்குற அந்த பாடிபில்டருங்க வீடியோவ வச்சே நானும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. முன்பு நெல்மூட்டை அடுக்கிய பின்கட்டு அறையில், தொழில்முறை வீரர்களின் பயிற்சியைப் பார்த்துப் பார்த்து ஆறு ஆண்டுகளாகத் தனியாகவே எடை தூக்கி வருகிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தீராத குறை ஒன்றே ஒன்றுதான். அந்தக் காணொளிகளில், கனமான எடைக்கு முன் உடலைத் தயாராக்கும் இலேசான செட்டுகளை வெட்டிவிடுகிறார்கள் (ஒரே அசைவை நிறுத்தாமல் சில முறை செய்யும் ஒரு சுற்றுதான் செட்). அமெரிக்க உடற்கட்டு வீரர் ரானி கோல்மன் 800 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 363 கிலோவை, தோளில் ஏற்றி இரண்டு முறை உட்கார்ந்து எழுந்த காட்சியைப் பார்க்காதவர் இந்தத் துறையில் அரிது. அந்த எடைக்கு அவர் படிப்படியாகத்தான் ஏறியிருக்க முடியும். பார்ப்பவன் மனத்தில் தங்குவதோ கடைசிப் படி மட்டும். 1998 முதல் 2005 வரை தொழில்முறை உடற்கட்டின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை எட்டு முறை வென்ற அவர், பிற்காலத்தில் முதுகிலும் இடுப்பிலும் பல அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு ஊன்றுகோலுடன் நடக்க வேண்டியதாயிற்று என்பதும் அந்தக் காட்சியில் இல்லை. இரண்டாம் ஆண்டில் நான் வெறும் பாரில் (தட்டு மாட்டாத எடைத் தண்டில்) ஒரு செட் மட்டும் செய்துவிட்டு நேராக 80 கிலோவை ஏற்றினேன். முதுகு பிடித்துக்கொண்டது. குறுவை அறுவடை நடக்கும்போது களத்துக்குப் போக முடியாமல் மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் டோரியன் யேட்ஸின் பயிற்சிமுறையை நிதானமாகப் படித்தேன். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை அதே மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை வென்றவர். ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட்டை முழு மூச்சாகச் செய்வார் என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஒரு செட்டுக்கு முன் எடையைக் கூட்டிக்கொண்டே போகும் ஆயத்த செட்டுகளை அவர் தவறாமல் செய்ததும், ஒவ்வொரு நாளின் எடையையும் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதி வைத்ததும் எனக்குப் புதிய செய்திகள். இப்போது 80 கிலோ ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) என்றால், 20 கிலோ வெறும் பாரில் பத்து, 40 கிலோவில் ஏழெட்டு, 60 கிலோவில் நான்கு, 70 கிலோவில் ஒன்று என ஏறிய பிறகுதான் 80-ஐத் தொடுகிறேன். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது. நான்கு ஆண்டுகளாக முதுகு ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை.

அதே யேட்ஸிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1994-இல், உள்ளங்கை மேல்நோக்கிய பிடியில் பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது) செய்தபோது அவருடைய இடது மேற்கைத் தசை (பைசெப்ஸ்) கிழிந்தது. அதன் பிறகு பிடியையே மாற்றிக்கொண்டார். அவ்வளவு கவனமானவருக்கே அப்படி நேர்ந்தது என்பதைப் படித்த நாளில் நானும் பிடியை மாற்றினேன்.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி, போன வாரம் கொக்கி விட்டுப்போன அதே பாதுகாப்புக் கம்பிதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைச் சுமைதூக்குபவர் தரையிலிருந்து தாமாக முதுகில் ஏற்றிக்கொள்வதில்லை. இருவர் தூக்கிக் கொடுக்கிறார்கள். பெரிய வீரர்களுக்கும், எடை தாங்காமல் போனால் பிடிக்கப் பின்னால் ஆள் நிற்கிறார். பின்கட்டில் எனக்கு அந்தக் கம்பிதான் ஆள். ஸ்குவாட்டில் நான் அடியில் உட்காரும்போது பார் இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதை வைக்கிறேன். பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளுவது), நெஞ்சை நிமிர்த்தினால் பார் நெஞ்சைத் தொட வேண்டும், நெஞ்சைத் தளர்த்தினால் எடை கம்பியில் உட்கார வேண்டும்; அந்த உயரத்தை வெறும் பாரில் பலமுறை சரிபார்த்துக் குறித்திருக்கிறேன். சென்ற ஐப்பசி மழையில், பார் ஈரத்தில் வழுக்கியபோது 70 கிலோ என் கழுத்துக்கு மேலே கம்பியில் விழுந்து நின்றது. அன்றிலிருந்து கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் பாரைத் தொடுவதில்லை.

தோள் விஷயத்தில் மட்டும் என்னால் நடுநிலையோடு எழுத முடியவில்லை. பழைய வீரர்கள் பிடரிக்குப் பின்னால் பாரை இறக்கி ஏற்றுவதைப் பார்த்து ஓராண்டு அப்படியே செய்தேன். தோள்மூட்டு விரிந்து கொடுக்காதவனுக்கு அந்த அசைவு எவ்வளவு கெடுதல் என்று எந்தக் காணொளியிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று காலைகூடக் கிணற்றில் வாளியை இழுக்கும்போது வலது தோள் குத்தியது. தொழில்முறை வீரர்களில் பலர் ஊக்கமருந்து எடுத்தவர்கள், யேட்ஸ் உட்படச் சிலர் அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மருந்தின் துணையோடு தேறும் உடலின் பயிற்சி அளவை, சோறும் மீனும் தின்று வயல் வேலையும் பார்ப்பவன் தாங்க முடியாது. தசை பெருகும் வேகத்தில் தசைநார் உறுதிப்படுவதும் இல்லை. 1984 முதல் 1991 வரை எட்டுப் பட்டங்கள் வென்று பெரிய காயமின்றி விலகிய லீ ஹேனி, தசையைத் தூண்டினால் போதும், அழிக்க வேண்டாம் என்று சொல்லிவந்தார். நான் அவரிடம் தொடங்கியிருக்க வேண்டும்.

இத்தனை நல்லவற்றை அவர்களிடம் கற்ற பிறகும், அக்காள் மகனுக்கு ஒரு காணொளியும் அனுப்பப் போவதில்லை. சனிக்கிழமை பாபநாசத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். புதிதாய்ப் பற்றவைத்த கொக்கியில் கம்பியை மாட்டி, அவன் உயரத்துக்கு வைத்துக் கொடுத்து, முதல் மாதம் முழுவதும் 20 கிலோ வெறும் பாரை மட்டுமே தூக்கவிடுவேன்.