குட்டையின் அடியைப் பார்க்க ஒரு வண்டி: எந்த மோட்டார், எந்த ஒயர், எந்த கேமரா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் குட்டையில் இன்ஜின் வைத்து இறைப்பவர்களுக்கு உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொள்வது பழகிப்போன தொல்லை. பாசி, பிளாஸ்டிக் பை, கிழிந்த துணி என்று எதாவது போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்புப் பைப் என்பதால் சட்டென்று தூக்கியும் பார்க்க முடியாது. யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கையால் தடவித் தடவி எடுக்க வேண்டும். போன கார்த்திகையில் அப்படி இறங்கிய என் சித்தப்பா மகன் உள்ளங்கையை பாட்டில் சில்லு கிழித்துவிட்டது. ஏழு தையல். ஆளை இறக்குவதற்கு முன்னால் ஒரு கேமராவை இறக்கிப் பார்த்தால் என்ன என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கரையில் இருந்தபடி ஒயர் வழியாக ஓட்டுகிற நீர்மூழ்கி வண்டியை ஆர்.ஓ.வி. என்பார்கள். வீட்டிலேயே கட்டலாம். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு மூன்று வழி இருக்கிறது, அதில்தான் எல்லோரும் குழம்புகிறோம். நான் இரண்டு வண்டி கட்டி, மூன்றாவதுக்குப் பாதி வழி வந்து நிற்கிறேன். என் தேவை இவ்வளவுதான்: 3 மீட்டர் ஆழம், 20 மீட்டர் ஒயர், நல்ல தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி. கீழே சொல்வதெல்லாம் இந்த அளவுக்குள் வைத்துத்தான். கடலில் விடப்போகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

ரிமோட் இருக்கும்போது ஒயர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். வைஃபை, ட்ரோன் ரிமோட்டின் அலை எல்லாம் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். சென்னையில் உள்ள கடல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஓ.டி. 6000 மீட்டர் ஆழத்துக்காகச் செய்த ரோசப் வண்டியும் கேபிளில் கட்டித்தான் இறங்குகிறது. ஒயர் கட்டாயம், அதில் விவாதமே இல்லை.

உண்மையான தலைவலி மோட்டார். இங்கே மூன்று வழி.

முதல் வழி, பொம்மைக் காரில் வருகிற மாதிரி சின்ன பிரஷ் மோட்டாரை (சுற்றும் பாகத்தை உரசிக் கரண்ட் கொடுக்கும் துண்டுதான் பிரஷ்) ஒரு டப்பாவில் போட்டு மெழுகு ஊற்றி அடைப்பது. அமெரிக்கப் பள்ளிகளில் ஸீபெர்ச் என்ற பெயரில் பிள்ளைகள் கட்டும் வண்டி இந்த வகைதான். செலவு மிகக் குறைவு, மோட்டார் எங்கும் கிடைக்கும். என் முதல் வண்டியும் இதுதான். மருந்து டப்பா மூன்று எடுத்து, மோட்டாரின் ஓட்டைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். அங்கேதான் தப்பு செய்தேன். மெழுகுவத்தி மெழுகு ஆறும்போது சுருங்கும். டப்பாவின் சுவருக்கும் மெழுகுக்கும் நடுவே நகம் நுழையாத அளவு ஒரு கோடு விட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. 3 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிராம் அழுத்தம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடி என்றால் அதன் மேல் கிட்டத்தட்ட 6 கிலோ ஏறி உட்கார்ந்த மாதிரி. அந்தக் கோடு போதாதா! நாற்பது நிமிஷத்தில் இடது மோட்டார் நின்றது. திறந்தால் உள்ளே துருத்தண்ணீர். இரண்டாவது தடவை தேன்மெழுகோடு கொஞ்சம் கிரீஸ் சேர்த்து ஊற்றினேன், அது பிடித்து நின்றது. ஆனாலும் தண்டு வெளியே வரும் ஓட்டை இந்த வகையின் நிரந்தரப் பலவீனம். சுற்றச் சுற்ற கிரீஸ் கழுவிப் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற 12 வோல்ட் பில்ஜ் பம்ப். அதன் மூடியைக் கழற்றினால் தண்டின் முனையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும். அதை எடுத்துவிட்டு பொம்மைப் படகின் விசிறியை மாட்டினால் வேலை முடிந்தது. தண்ணீருக்குள் கிடப்பதற்கென்றே செய்த மோட்டார். தண்டுக்கு சீல் உண்டு, ஒயர் நுழையும் இடமும் அடைத்தே வரும். நாம் எதையும் அடைக்க வேண்டாம். கனமும் கரண்டும் கூடுதல் என்பதுதான் குறை. மணிக்கு 1100 கேலன் என்று போட்ட பம்ப் சுமாராக 3 ஆம்பியர் இழுக்கும், விசிறியின் அளவைப் பொறுத்து அது ஏறவும் செய்யும். கரையில் வைத்து வெறுமனே நெடுநேரம் ஓட்டிப் பார்க்கக் கூடாது, தண்ணீர் இல்லாமல் சூடேறி சீல் கெட்டுவிடும்.

மூன்றாவது வழியைப் பற்றி எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் ஊர் மோட்டார் வைண்டிங் கடைக்காரர். மெழுகு டப்பாவோடு போய் நின்று, “இதுக்குள்ள தண்ணி போகாம இருக்க என்னண்ணே பண்றது?” என்று கேட்டேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி போகக் கூடாதுங்கிற? போர் மோட்டாருல நாமளே தண்ணிய ரொப்பித்தானே இறக்குறோம்?” என்றார்.

பக்கத்தில் பிரித்துப் போட்டிருந்த ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரை அவரே காட்டினார். உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி முழுக்க பிளாஸ்டிக் உறை போட்டது. மோட்டாருக்குள் நல்ல தண்ணீரை ஊற்றி, காற்று வெளியேறிய பிறகு மூடிதான் குழிக்குள் இறக்குகிறார்கள். அந்தத் தண்ணீரே சூட்டையும் ஆற்றுகிறது, பேரிங்கையும் வழுக்க வைக்கிறது. டெல்டாவில் வயலுக்கு வயல் ஓடுவது பெரும்பாலும் இந்த மாதிரி மோட்டார்தான். இத்தனை வருஷம் கண் முன்னால் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

ட்ரோனில் வருகிற பிரஷ்லெஸ் மோட்டாரும் தண்ணீரை உள்ளே விட்டுக்கொள்ளலாம். பிரஷ் கிடையாது, காயில் கம்பிக்கு எனாமல் பூச்சு உண்டு. எனவே நல்ல தண்ணீரில் அப்படியே முங்கி ஓடும். அடைக்க டப்பாவும் வேண்டாம், சீலும் வேண்டாம். பேரிங் துருப்பிடிக்கும் என்பதால் ஓட்டி முடித்ததும் கழுவி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், அவ்வளவுதான். தத்துவத்தில் மூன்றில் சிறந்தது இதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இதை ஓட்ட இ.எஸ்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பலகை மோட்டாருக்கு ஒன்று வேண்டும். விமானத்துக்கு விற்பது ஒரே பக்கம்தான் சுற்றும், முன்னும் பின்னும் சுற்றுகிற வகையாகத் தேடி வாங்க வேண்டும். அதைக் கரையில் வைத்து 20 மீட்டருக்கு மூன்று ஒயர் இழுத்தால் சரியாக ஓடுவதில்லை. வண்டியிலேயே வைக்கலாம் என்றால், அதற்குத் தண்ணீர் புகாத பெட்டி வேண்டும். மோட்டாரில் மிச்சமான அடைப்பு வேலை பெட்டியில் வந்து நிற்கிறது. இன்னொன்று, ட்ரோன் விசிறியை அப்படியே மாட்டிவிடக் கூடாது. தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. மோட்டார் திணறி, கரண்ட் எகிறி, பலகை கருகிவிடும். சின்ன விசிறியும், கே.வி. எண் (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) குறைந்த மோட்டாரும் வேண்டும்.

ஆக, என் முடிவு இது. எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காகக் கட்டினால் மெழுகு டப்பா. ஒழுகினாலும் நஷ்டம் பெரிதில்லை, ஏன் ஒழுகியது என்று தேடுவதே பாடம். குட்டையில் வேலைக்கு இறக்க வேண்டுமென்றால் பில்ஜ் பம்ப், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிரஷ்லெஸ், ஒரு வண்டி ஓட்டிப் பழகிய பிறகு.

மோட்டாரைத் தேர்ந்தெடுத்ததும் ஒயரும் பாதி முடிவாகிவிடுகிறது. நெட்வொர்க் கேபிள்தான் வாங்கச் சொல்வார்கள். மெலிசு, வளையும், உள்ளே எட்டுக் கம்பி. மெழுகு டப்பா மோட்டாருக்கு அது போதும், ஏனென்றால் அது இழுக்கும் கரண்ட் குறைவு. பில்ஜ் பம்புக்கு அதே கேபிள் தாங்காது. அதில் ஒரு கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் தடை. போக 20, வர 20, மொத்தம் 40 மீட்டருக்கு 3.4 ஓம். 3 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 10 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். பேட்டரியே 12 வோல்ட்தான்! மோட்டாருக்கு மிஞ்சுவது முனகுவதற்குக்கூடக் காணாது. உள்ளே செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் இன்னும் மோசம்.

அடுத்ததாக போர் மோட்டாருக்கு இறக்கும் தட்டை கேபிள். 1.5 ஸ்கொயர் (கம்பியின் பருமன், சதுர மில்லிமீட்டரில்) மூன்று கம்பி கேபிள் இரண்டு எடுத்தால் ஆறு கம்பி, மூன்று மோட்டாருக்குக் கச்சிதம். இழப்பு ஒன்றரை வோல்ட் பக்கம்தான். தண்ணீருக்கென்றே செய்தது, எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் வெட்டித் தருவார்கள். ஆசையோடு வாங்கி மாட்டினேன். வண்டி நகரவே மறுத்தது. கேபிளின் விறைப்பு வண்டியைத் தன் இஷ்டத்துக்குத் திருப்புகிறது, கனம் அடியில் இழுக்கிறது. மூக்கணாங்கயிற்றைப் பின்னாலிருந்து ஒருவர் இழுக்க, மாட்டை முன்னால் ஓட்டுகிற மாதிரி.

கடைசியில் 1 ஸ்கொயர் மல்டிஸ்ட்ராண்ட் ஒயர் ஆறு எடுத்து, தளர்வாகப் பின்னி, ஓரத்தில் மெல்லிய நைலான் கயிறு ஒன்றையும் சேர்த்தேன். வண்டியைத் தூக்கும் பாரம் கயிற்றில் விழ வேண்டும், ஒயரில் விழக் கூடாது. மீட்டருக்கு ஒன்றாக மீன்வலை மிதவை கட்டினால் ஒயர் மேலேயே நிற்கும். இழப்பு இரண்டே கால் வோல்ட் வருகிறது, பரவாயில்லை. 20 மீட்டர் என்பது கரையோரத்துக்குத்தான் எட்டும். திருவாரூர்க் கோயிலின் கமலாலயக் குளம் ஐந்து வேலி, அதாவது 33 ஏக்கர். அங்கே இந்த ஒயர் படித்துறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும், அவ்வளவே. கோயில் குளத்தில் அனுமதி இல்லாமல் இறக்குவதும் சரியில்லை.

கேமராவுக்கு வருவோம். ஆக்‌ஷன் கேமராவை அதன் கண்ணாடிக் கூட்டில் போட்டு இறக்கினால் படம் அருமையாக வரும். ஆனால் மேலே எடுத்த பிறகுதான் பார்க்க முடியும், வைஃபை உள்ளே செத்துவிடும். ஃபுட்வால்வைத் தேடும் வேலைக்கு இது உதவாது. போர்வெல் கேமராக்காரரைக் கூப்பிடலாம், கிணற்றுக்கு அதுவே சரி. ஆனால் குழிக்குள் நேராக இறங்கிப் பார்க்கக் கட்டியது அது, குட்டையில் பக்கவாட்டில் ஓட்ட முடியாது.

எனக்கு ஒத்துவந்தது காரின் பின்னால் பொருத்தும் ரிவர்ஸ் கேமரா. அதுவும் 12 வோல்ட், படம் நேரடியாகத் தெரியும். சி.சி.டி.வி. கடையில் கிடைக்கும் வீடியோ பலூன் (கேமரா ஒயரை ஜோடிக் கம்பியோடு இணைக்கும் சின்ன இணைப்பான்) ஒரு ஜோடி வாங்கி, நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடிக் கம்பி வழியாகப் படத்தை மேலே கொண்டுவரலாம். ஆக அந்த மெலிசுக் கேபிளுக்கும் இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. கேமராவின் பின்பக்கம் ஒயர் நுழைகிற இடத்தில் அரால்டைட் ஊற்றி ஒரு நாள் காயவிட வேண்டும். ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் எனக்கு அரை நாள் மிச்சமாகியிருக்கும்: ரிவர்ஸ் கேமரா படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. இடது பக்கம் திருப்பினால் படம் எதிர்ப் பக்கம் ஓடும். மோட்டார் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். சில கேமராவில் இதை மாற்ற ஒரு சின்ன ஒயர் வளையம் இருக்கும், அதை வெட்டினால் சரியாகிவிடும்.

எந்தக் கேமராவானாலும் கலங்கலுக்கு முன் தோற்றுப்போகும். மேட்டூர் அணை (வழக்கமாக ஜூன் 12-இல்) திறந்து புதுத்தண்ணீர் வாய்க்காலில் வரும் நாட்களில் இறக்கினால் பால் கூடிய டீயைத்தான் பார்ப்பீர்கள். வெளிச்சம் கூட்டினால் இன்னும் மோசம், லென்ஸை ஒட்டி விளக்கு வைத்தால் மிதக்கிற தூசு ஒவ்வொன்றும் பளிச்சென்று எதிரொளிக்கும். விளக்கைக் கேமராவிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, சாய்த்து வைக்க வேண்டும். தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் காலை வெயிலில் விளக்கே தேவைப்படாது. நான் செய்யும் சோதனை: குச்சி முனையில் வெள்ளை மூடி ஒன்றைக் கட்டி இறக்குவேன். ஒரு முழம் போவதற்குள் மறைந்தால் அன்றைக்கு வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

ஓட்டுவதற்கு ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, ஜாய்ஸ்டிக் எல்லாம் வைக்கலாம். நான் மோட்டாரை இரண்டு பக்கமும் சுற்ற வைக்கிற, கையை எடுத்தால் நடுவில் தானாக நிற்கும் டிபிடிடி சுவிட்ச் மூன்று போட்ட டிபன் பாக்ஸோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு சுவிட்ச் முன்னே பின்னே, ஒன்று மேலே கீழே. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஃபியூஸ் உண்டு. 230 வோல்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பேட்டரி மட்டும்தான்.

சட்டத்துக்கு அரை இஞ்ச் பி.வி.சி. பைப் போதும், அலுமினியம் வீண் செலவு. பைப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஏற விடுங்கள். மிதப்புக்கு மேலே மூடியடைத்த தடிப் பைப் இரண்டு, கனத்துக்கு அடியில் கம்பித் துண்டுகள். டேங்கில் போட்டுப் பார்த்து, மிக மெதுவாக மேலே வருகிற அளவுக்குச் சரிசெய்தால் ஒயர் அறுந்தாலும் வண்டி மேலே வந்துவிடும். விசிறியைச் சுற்றி வலைக்கூடு கட்டாயம், ஆகாயத்தாமரை வேர் ஒன்று சுற்றினால் போதும், நின்றுவிடும். தண்ணீர் ஓடுகிற மதகுப் பக்கம் இறக்கவே வேண்டாம், இழுப்பை எதிர்த்து நிற்க இந்த மோட்டாருக்குத் தெம்பு இல்லை.

இந்தத் தையில் இரண்டாவது வண்டியை இறக்கினோம். ஒயரை விட்டுக்கொண்டிருந்தது தையல் போட்ட அதே தம்பி. குடைக்குக் கீழே கறுப்புத் துணி போட்டு மூடிய திரையில் ஃபுட்வால்வு தெரிந்தது, அதைச் சுற்றிப் பச்சைச் சேலைத் துண்டு ஒன்று. பக்கத்தில் சேற்றில் பாதி புதைந்து இரண்டு பாட்டில். “அண்ணே, நான் கை வச்ச இடம் இதுதான்” என்றான். மூங்கில் கழி முனையில் கொக்கி கட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே சேலையை உருவி எடுத்தோம். பாட்டில் இரண்டையும் அடுத்த வாரம் அரிவலை விட்டு எடுத்தோம்.